கல்விச்சாலைப் பரிபாலனம்

ஆசிரியர்க்கு உரிய இலக்கணத்தைத் தமிழ்நூலோர் விரித்துரைத்தனர். நன்னூற் பொதுப்பாயிரம் நல்லாசிரியரை நிலத்தோடும் மலையோடும் நிறைகோலோடும் மலரோடும் ஒப்பிட்டுக் கூறுதலைக் கற்றோர் அறிவர். மாணாக்கர்க்கு உரிய இலக்கணமும் ஆண்டே சொல்லப்பட்டது. ஆயின், ஆசிரியர் பலரையும் மாணாக்கர் பலரையும் ஓரிடத்துத் தொகுத்து, அவர்க்கு இடமும் நூலும் வேதனமும் ஒழுங்கும் அமைத்து, அச்சாலை ஆண்டுதோறும் இடையறாது நடைபெறச் செய்வோன் எத்தகையனாதல் வேண்டும் என்பது அந்நூல்களுட் காணப்படுவதன்று. அதற்குக் காரணம் வெளிப்படை. பண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவரே யாவும் ஆயினார். அவர் உள்ளவரை பள்ளி உண்டு. அவர் மறைந்தால் திண்ணையும் வெறிதாகும். பரிபாலனம் என வேறொரு தொழில் அங்கே வேண்டப்படவில்லை.

அத்தொழில் வேண்டப்பட்ட காலம் 19ஆம் நூற்றாண்டு. ஐரோப்பியப் பாதிரிமார் தமிழ் வழங்கும் நாடுகளில் வகுப்பு வகுப்பாகப் பிரித்த பள்ளிகளை நிறுவி, அச்சிட்ட நூல்களைக் கொடுத்து, ஆசிரியர் பலரை வேதனத்துக்கு அமர்த்திக் கல்வி புகட்டத் தொடங்கியபோது, பள்ளியை நடத்துவோன் வேறு, பள்ளியிற் கற்பிப்போன் வேறு என்னும் நிலை உண்டாயிற்று. ஈழநாட்டில் நடத்துவோனை மனேஜர் என்றனர். சைவர் தாம் நிறுவிய பள்ளிகளில் அப்பதவிக்குத் தருமபரிபாலகர் என்னும் பெயரை வழங்கினர். இப்பெயர் பொருள் பொதிந்தது. ஒரு பள்ளியைத் தன் உடைமையாகக் கொள்ளாது, பிறர் கொடுத்த தருமமாகக் கொண்டு காப்பவன் என்பதே அதன் கருத்து. அக்காப்பின் இயல்பு யாது, அதனைச் செவ்வனே செய்வோன் தலைவனாவது எவ்வாறு என்பனவற்றை யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரது வரலாற்றின்கண் வைத்து ஆராய்தல் தகும். அவர் நூலாசிரியர், உரையாசிரியர், பிரசங்கர் எனப் பலவாறு போற்றப்படுவர். பள்ளி நடத்திய பெரியார் என்ற முறையில் அவரது செயலைத் தனியே எடுத்து நோக்குவார் சிலரே.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நல்லூரிற் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையார்க்கும் மகனாகப் பிறந்தார். இளமையில் தமிழை முறையாகக் கற்றபின், யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனார் நடத்திய ஆங்கிலப் பள்ளியிற் சேர்ந்து பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அப்பள்ளித் தலைவரான பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தபோது அவர்க்குத் துணை செய்தவரும் நாவலரே. இப்பகுதியை அவரது வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் விரைந்து கடப்பர். பள்ளிப் பரிபாலனத்தை ஆராய்வோர் இங்கேயே தங்குதல் வேண்டும். ஒரு பள்ளி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அவர் உள்ளிருந்து கண்டது இவ்விடத்தேதான். மாணாக்கரைத் தரம் அறிந்து வகுப்பாகப் பிரித்தல், ஒவ்வொரு வகுப்புக்கும் ஏற்ற நூலை அமைத்தல், ஒரே பாடத்தைப் பலர்க்கு ஒருங்கே கற்பித்தல், அச்சியந்திரத்தைப் பள்ளியின் துணையாகக் கொள்ளுதல் ஆகிய யாவும் அவர் அங்கே நேரிற் கண்டவை. கொள்கையால் தமக்கு மாறுபட்டாரிடத்தும் முறையாற் சிறந்ததைக் கண்டு கைக்கொள்ளுதற்கு மனத்திண்மை வேண்டும். மாற்றார் செய்தார் என்பதனாலேயே ஒரு நன்முறையைத் தள்ளுவோனும், மாற்றாரது முறையோடு அவரது கொள்கையையும் சேர்த்து விழுங்குவோனும் பள்ளி நடத்தத் தகுதியற்றவர். நாவலர் முறையை எடுத்துக் கொள்கையை விடுத்தார்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவரது சைவப் பிரசங்கம் தொடங்கிற்று. வாரந்தோறும் அது நடைபெற்றது. பிரசங்கத்தால் உள்ளம் கிளரும். கிளர்ந்த உள்ளம் சில நாளில் அடங்கும். கேட்டவர்தம் பிள்ளைகள் கற்பதற்கு ஓரிடம் இல்லையாயின் அவ்வுரை காற்றிற் கரையும் என்பதை அவர் உணர்ந்தார். ஆதலின், அடுத்த ஆண்டாகிய 1848இல், கீலக ஆண்டில், வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. அவ்வாண்டிலேயே மிஷன் பள்ளி உத்தியோகத்தையும் அவர் துறந்தார். அப்போது அவர்க்கு வயது 26 நிரம்பவில்லை. நிலையான வேதனம் தரும் பதவியை விட்டார்; இல்லறத்தையும் மேற்கொண்டிலர். பின்வந்த 31 ஆண்டும் அவர் வாழ்வு வித்தியாசாலைக்கும் நூற்பதிப்புக்கும் சமயத் தொண்டுக்குமே உரியதாயிற்று.

பள்ளித் தலைமைக்கு முதற்கண் வேண்டுவது இத்துறவு. துறவு என்பது காவி உடுத்தலன்று. பள்ளியினின்று தான் பெறுவதினும் பள்ளிக்குத் தான் இழப்பது மிகுதியாக இருத்தலே ஈண்டுத் துறவு எனப்படும். அவ்வித்தியாசாலை தொடங்கிய நாளில் அதற்கு அரசாங்க உதவி இல்லை. பிள்ளைகளிடம் கட்டணம் பெறுவதும் இல்லை. ஊரார் இல்லந்தோறும் எடுத்து வைத்த பிடியரிசியும் அன்பர் சிலர் கொடுத்த பொருளுமே அதனைத் தாங்கின என்பர். ஆசிரியராக வந்தவரும் பெருவேதனத்தை நோக்கி வந்தவரல்லர். தலைவன் வேதனத்தை விட்டு வந்தமையாலேயே குறைந்த வேதனத்துக்கு உழைக்குமாறு ஆசிரியரை வேண்டும் உரிமை அவனுக்கு உண்டாயிற்று. தான் உண்ணாத மருந்தைப் பிறர்க்கு ஊட்டுவோன் சொல் செல்லாது.

இரண்டாவதாக வேண்டுவது, பள்ளியைத் தன் ஒருவன் ஆற்றலில் நிறுத்தாமை. நாவலர் நாவன்மையிற் சிறந்தவர். அவரிருந்து பாடம் சொல்லின் மாணாக்கர் மயங்கிக் கேட்டிருப்பர். ஆயினும், ஒருவர் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருத்தல் கூடும். அதனால், தாம் இல்லாத இடத்தும் தம் பாடம் நடைபெறுமாறு அவர் நூல் செய்தார். 1849இல் மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளையை உடன்கொண்டு சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கினார். செல்லும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் செய்த பிரசங்கத்தை வியந்து ஆதீனத்தார் அளித்ததே நாவலர் என்னும் பட்டம். அவ்வியந்திரத்தால் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை அமைந்தது. பள்ளி ஒரு கையும் அச்சகம் மற்றொரு கையுமாக அத்தருமம் நடந்தது. பாலபாடங்கள் படிப்படியாக வெளிவந்தன. 1852இல் பெரியபுராணம் வசனமாக வெளிவந்தது. சைவ வினாவிடை, இலக்கணச் சுருக்கம், நன்னூற்குக் காண்டிகையுரை முதலியனவும் அவர் ஆக்கிய கல்வி நூல்களே.

பாலபாடத்தின் அமைப்பு நோக்கத்தக்கது. முதற்புத்தகம் எழுத்தும் சிறு சொல்லும் சிறு வாக்கியமுமாகத் தொடங்கும். மேற்சென்ற புத்தகங்களில் வாக்கியம் நீண்டு பொருள் கனக்கும். நான்காம் புத்தகம் கடவுள், ஆன்மா, ஒழுக்கம் முதலியவற்றைக் கட்டுரைகளாக விளக்கும். தமிழ்ப் பிள்ளைகள் அதுகாறும் பொருள் விளங்காமலே செய்யுளை மனனஞ் செய்து கல்வியைத் தொடங்கினர். பாலபாடமோ பொருள் விளங்கும் வசனத்திலிருந்து அவர்களைத் தொடங்குவித்தது. புலமை குன்றிய ஓர் ஆசிரியர் ஒரு சிற்றூரில் இருந்து அந்நூலைக் கையிற் கொண்டாலும், பாடம் ஓரளவு செவ்வையாகவே நடைபெறும். நல்ல ஆசிரியர் எவ்விடத்தும் கிடையார் என்பது பள்ளி நடத்துவோர் யாவரும் அறிந்த உண்மை. கிடைத்த ஆசிரியரை நல்ல ஆசிரியராக்கும் கருவியை அமைத்துக் கொடுத்தலே பரிபாலகர் செயற்பாலது. ஆசிரியரைக் கடிந்து பேசும் மனேஜர் பலர் உளர். அவர்க்கு ஏற்ற கருவியைச் செய்து கொடுத்தோர் சிலரே.

மூன்றாவதாக வேண்டுவது பொருளைக் கையாளும் தூய்மை. பள்ளிகள் பல அறிவின்மையாற் கெட்டனவல்ல, கணக்கின்மையாற் கெட்டன. நாவலர் பொருளுதவி வேண்டிய போது ஒருவர் காதில் ஒருவராக வேண்டினாரல்லர்; விக்கியாபனம் அச்சிட்டுச் சைவசமயிகள் யாவரும் அறிய வேண்டினார். பலரறிய வேண்டுவோன் பலரறியக் கணக்குச் சொல்லவும் கடமைப்பட்டவனாகின்றான். அவ்வெளிப்படை தானே ஒரு காவல். அந்நாளில் நூல் விற்ற பொருளும் வித்தியாசாலைத் தருமத்துக்கே துணையாயிற்று. 1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை அவரால் நிறுவப்பட்டது. கடல் கடந்து இரண்டு பள்ளிகளை ஒருவர் நடத்துதல், தபாலும் மரக்கலமும் மெல்லச் சென்ற அக்காலத்தில், அரிய செயலாகும். நம்பத்தக்க மாணாக்கரை ஆங்காங்கு அமர்த்தியமையாலேயே அது கைகூடிற்று.

அரசாங்க உதவியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுதல் வேண்டும். இலங்கையில் 1865இல் அமைந்த மோர்கன் குழுவினர் 1867இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். 1869இல் வித்தியாபகுதி தோன்றியது. அடுத்த ஆண்டு முதல், பரீட்சையிற் பிள்ளைகள் பெறும் தேர்ச்சிக்கு ஏற்பப் பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும் முறை வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பவற்றில் தேறிய பிள்ளை ஒவ்வொருவர்க்கும் இவ்வளவு என்பது ஏற்பாடு. இம்முறையால் அதுகாறும் உதவி பெறாதிருந்த பள்ளிகளுக்கும் வாயில் திறந்தது என்பது உண்மை. ஆனால், இன்னொரு தீமையும் உடன் வந்தது. பரீட்சைக்கு வாராத பாடம் பணம் தாராத பாடம் ஆயிற்று. பணம் தாராத பாடத்தைப் புறக்கணிக்கும் ஆசை மனேஜர் உள்ளத்தில் முளைத்தது. சைவப் பள்ளிகள் எதன்பொருட்டுத் தோன்றினவோ அப்பாடமே பரீட்சைக்குப் புறம்பானது. அதனைக் கைவிடாது காத்தோரே அக்காலத்துப் பரிபாலகருள் தலைசிறந்தோர் எனல் வேண்டும். பரீட்சை அளக்கும் பொருளையும், பள்ளி வளர்க்க வேண்டிய பொருளையும் வேறு வேறாக அறியும் கண் தலைவனுக்கு இன்றியமையாதது.

நாவலர் எடுத்த செயல் யாவும் கைகூடின என்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. 1872இல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலமும் சைவமும் ஒருங்கே கற்பிக்குமாறு சைவாங்கில வித்தியாசாலை ஒன்றை அவர் தொடங்கினார். உத்தியோகத்தின் பொருட்டு ஆங்கிலத்தை நாடி மிஷன் பள்ளிகளுக்குச் செல்லும் சைவப் பிள்ளைகளைக் காத்தல் அவரது நோக்கம். ஆங்கிலப் பள்ளிக்கு வேண்டும் செலவோ தமிழ்ப் பள்ளியின் செலவினும் பன்மடங்கு. பொருள் வளமின்மையால் அச்சாலை சில ஆண்டுகளே நடந்து நின்றுவிட்டது. அக்காலமே பஞ்சமும் கொள்ளை நோயும் யாழ்ப்பாணத்தை வருத்திய காலம். 1876, 1877ஆம் ஆண்டுகளிற் பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கும் தொட்டிகளை அமைப்பதில் நாவலர் முன்னின்றார். ஊர் பசித்திருக்கும்போது ஊராரிடம் பள்ளிக்குப் பொருள் வேண்டுவது எளிதன்று.

இத்தோல்வி அவர்க்கு இழுக்காகாது. ஆயின் படிப்பினை ஆகும். ஆங்கிலப் பள்ளிக்கு ஒருவரது தியாகம் போதாது. பலர் கூடிய ஒரு சபை வேண்டும். அவர் மறைந்து ஒன்பது ஆண்டு கழித்து, 1888இல், யாழ்ப்பாணத்துச் சைவ பரிபாலன சபை தோன்றிற்று. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வண்ணார்பண்ணையில் அச்சபையார் பொறுப்பில் நடைபெறலாயிற்று. நாவலர் தனித்து நின்று முடிக்க இயலாததைச் சபை முடித்தது. தோல்வியுற்ற முயற்சியும் அது வேண்டப்பட்டதென்பதை நாட்டுக்கு உணர்த்திவிட்டுச் செல்லுமாயின் வீண்போவதில்லை.

நான்காவதாக வேண்டுவது, தனக்குப்பின் நடத்துவோரைத் தன் காலத்திலேயே ஆக்குதல். நாவலர் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சிவபதம் அடைந்தார். பள்ளி மறுநாளும் திறந்திருக்குமாறு அவர் முன்னரே செய்திருந்தார். சதாசிவப்பிள்ளை முதலிய மாணாக்கர் அவரோடு பல ஆண்டு பழகி, அச்சுத் தொழிலையும் பள்ளித் தொழிலையும் கைவரப் பெற்றிருந்தனர். அவர்க்குப்பின் அவரது தருமத்தைச் சதாசிவப்பிள்ளையும், நாவலரது மருகராகிய பொன்னம்பலபிள்ளையும் பரிபாலித்தனர். நாவலர் நூல்கள் அவர் மறைந்தபின்னரும் பல பதிப்புகளாக வெளிவந்தன. தான் போனால் எல்லாம் போகும் என்று பிறர் சொல்லக் கேட்டு மகிழும் தலைவன் தன் பள்ளிக்குத் தானே பகையாவான். திண்ணைப் பள்ளிக்கும் வித்தியாசாலைக்கும் உள்ள வேற்றுமை இதுவே: முன்னையது ஒருவர் உயிரோடு முடிவது, பின்னையது பலர் உயிரைத் தாண்டி வாழ்வது.

இவ்வளவும் கூறியபின், ஒன்றைக் கூறாது விடுதல் நடுவுநிலைமை ஆகாது. தலைவனது பார்வை எங்கே முடிகின்றதோ, அங்கே அவனது பள்ளியின் வாயிலும் முடிகின்றது. நாவலர் சாதி வேற்றுமையை ஆசாரத்தின் பகுதியாக ஏற்றவர். அவர் எழுதிய நூல்களே அதற்குச் சான்று. தாழ்த்தப்பட்ட குடிப் பிள்ளைகள் சைவப் பள்ளியிற் பிறரோடு ஒத்திருந்து கற்கும் நிலை அவர் காலத்தில் இல்லை. அக்குறை அவரோடு ஒழிந்ததும் இல்லை. 1929ஆம் ஆண்டளவில், உதவி பெறும் பள்ளிகளிற் பிள்ளைகள் யாவரும் சம ஆசனத்தில் அமர்தல் வேண்டும் என்று வித்தியாபகுதி பணித்தபோது, யாழ்ப்பாணத்துச் சைவருட் பலர் அதனை எதிர்த்து நின்றனர். அரைநூற்றாண்டுக்கு முன் மறைந்த தலைவர் ஒருவர் திறவாது விட்ட வாயிலைத் திறக்க, பின்வந்தோர் அத்துணைப் பாடுபட நேர்ந்தது. தலைவனது நற்குணம் பள்ளியின் நற்குணமாக நிலைத்தல் போலவே, அவனது குறையும் பள்ளியின் வழக்கமாக நிலைத்துவிடும். தனிமனிதன் குறை அவனோடு எரியும். பள்ளித் தலைவன் குறையோ பல தலைமுறைக்குப் பாடமாகும். பள்ளித் தலைமை அஞ்சத்தக்க பொறுப்பு என்பது இதனாலேயே.

இக்குறையை நீக்கிய வழியும் ஈழத்துச் சைவர் வரலாற்றிலேயே உள்ளது. மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) நாவலரைப் போன்றே வேதனம் தரும் பதவியைத் துறந்தவர். மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையை விட்டு, 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். துறவு பூண்டு மீண்டபின் இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளை மட்டக்களப்பிலும் திருக்கோணமலையிலும் பரிபாலித்தார். 1929இல் மட்டக்களப்பிற் சிவானந்த வித்தியாலயம் அவர் முயற்சியால் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த காலத்தும், அருகிலுள்ள திருவேட்களத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருப்புக்கு நாடிச் சென்று இராப்பள்ளி நடத்தினார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி உயர்ந்தது, இராப்பள்ளி தாழ்ந்தது என்னும் எண்ணம் அவர்பால் இல்லை. நாவலர்பால் இருந்த துறவும், நூலறிவும், ஒழுங்கும் அடிகள்பாலும் இருந்தன. அவர் காலத்தில் வாயில் அகன்றிருந்தது. பெண்கல்விக்கு உரிய வாயிலும் இவ்வாறே பின்னர் அகன்றது. 1879இல் நாவலர் ஆதரித்துச் சட்டநிரூபண சபைக்கு அனுப்ப முன்னின்ற பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி நிறுவினார்.

இலங்கையில் 1960, 1961ஆம் ஆண்டுகளில் இயற்றிய சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளுட் பெரும்பாலன அரசாங்கத்தின் வசமாயின. மனேஜர் என்னும் பதவி அவற்றினின்று நீங்கிற்று. வண்ணார்பண்ணைப் பள்ளி நாவலர் பெயரையே தாங்கி நடைபெறுகின்றது. பதவியின் பெயர் மாறினும் தொழில் மாறவில்லை. அதிபர் என்றும், தலைமையாசிரியர் என்றும், செயலர் என்றும் எப்பெயரால் அழைக்கப்படினும், ஒரு கல்விச்சாலையைத் தாங்குவோர் முன் நிற்கும் வினாக்கள் 1848இல் நின்றவையே. இச்சாலையினின்று யான் பெறுவது மிகுதியோ, இழப்பது மிகுதியோ? என் ஆசிரியர்க்கு யான் கொடுத்தது ஆணையோ, கருவியோ? என் கணக்கு ஊரார் முன் விரித்து வைக்கத் தக்கதோ? நாளை யான் இல்லையாயின் மறுநாட் காலையில் இதனைத் திறப்பவர் யார்? என் வாயிலுக்கு வெளியே நின்று திரும்பிச் செல்லும் பிள்ளை யார்?

முதல் நான்கு வினாவுக்கும் நாவலர் வாழ்வு விடை கூறும். ஐந்தாம் வினாவுக்கு விடையை அவர்க்குப் பின்வந்தோர் தேட வேண்டியதாயிற்று. பெரியோரைப் போற்றுதலாவது, அவர் முடித்ததைக் காத்தலோடு முடியாமல் விட்டதை முடித்தலும் ஆகும். தருமபரிபாலகர் என்னும் பெயரை இன்று தாங்கும் அன்பர்கள் இவ்விரண்டனையும் தம் கடனாகக் கொள்வாராக.